ஒரு மிதிக்கு ஆறு மீற்றர்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, காற்று உண்டு. சுண்ணக்கல்லின் மேல் தட்டையாகக் கிடக்கும் குடாநாட்டில், ஆனி ஆடியில் சோளகம் அடிக்கும்போது பண்ணைத் தாம்போதியால் வேலணைப் பக்கம் சைக்கிள் மிதிக்கிறவருக்கு அந்த எதிர்க்காற்றுத்தான் ஏற்றம். மார்கழி, தையில் வாடை தொடங்கினால் போகும்போது இருந்த சுகம் திரும்பும்போது இராது. இந்த மண்ணுக்கும் காற்றுக்கும் பொருந்திய, சைக்கிளின் பற்சக்கரங்களில் அமைந்த ஒரேயொரு பல் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு சமூகம் தன் வயலையும் சந்தையையும் பள்ளிக்கூடத்தையும் பல தலைமுறையாக நடத்தியது. அந்தக் கணக்கின் உண்மையான பலம் 1990க்குப் பிறகுதான் தெரிந்தது.

இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்ராலி 1885இல் ரோவர் சைக்கிளைச் செய்தபோது, பின்சில்லைச் சங்கிலியால் ஓட்டும் முறை நிலைபெற்றது. அதற்கு முந்திய உயரச் சைக்கிளில் பெடல் முன்சில்லிலேயே பூட்டியிருந்தது. வேகம் வேண்டுமென்றால் சில்லைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. சங்கிலி வந்ததும் முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் உள்ள விகிதமே வேகத்தைத் தீர்மானித்தது. 1888இல் டன்லொப்பின் காற்றடித்த ரயரும் சேர, பிரித்தானிய ஆட்சியிலிருந்த நாடுகளுக்கெல்லாம் அந்த வண்டி கப்பலேறியது. யாழ்ப்பாணத்தவர் நெஞ்சில் இடம்பிடித்த பெயர் றலி, நொட்டிங்ஹாமில் செய்யப்பட்டது. ஹம்பர், ரட்ஜ் சைக்கிள்களுக்கும் மதிப்பு இருந்தது.

பழைய ஆண்கள் றலியின் அமைப்பு எளிமையானது. 28 அங்குலச் சில்லு, முன்னால் வழக்கமாக 48 பல், பின்னால் பிறீவீலில் 18 பல். பெடலை ஒருமுறை சுற்றினால் பின்சில்லு இரண்டே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். வண்டி ஏறக்குறைய ஆறு மீற்றர் முன்னே போகும். தட்டை நிலத்தில் ஆறுதலாக மிதிக்க இது நல்ல விகிதம். முன்பல் 44, பின்பல் 20 என்றால் அதே மிதிக்கு ஐந்து மீற்றர்தான் கிடைக்கும். ஆனால் மூட்டைக்கும் எதிர்க்காற்றுக்கும் கால் நோகாது. முன்பல்லை மாற்றாமல் பிறீவீலை மட்டும் மாற்றினாலும் ஒரே சைக்கிள் வேறு வேலைக்குத் தயாராகிவிடும். ஸ்ரேமி ஆர்ச்சர் நிறுவனம் 1902இலேயே சில்லின் குடத்துக்குள் மூன்று கியரை அடக்கிவிட்டது. அருமையான பொறியியல்தான், ஆனாலும் குடாநாட்டுத் தெருவில் அதற்கு வேலை குறைவு.

கிராங் பூட்டும் முறையும் கவனிக்கத் தக்கது. அச்சில் கிராங்கைப் பிடித்து வைப்பது ஆப்பு வடிவிலான ஒரு சிறு இரும்பு முளை. அது தேய்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் 'டக், டக்' என்று ஒரு சத்தம் வரும். புது முளையை அரத்தால் அளவாக ராவி, சுத்தியலால் தட்டி இறுக்கிவிடலாம். தெருவோரச் சைக்கிள் கடையில், விசேட கருவி எதுவும் இல்லாமல் முடிகிற வேலை அது. சிக்கல் இன்னோரிடத்தில் இருந்தது. நொட்டிங்ஹாம் றலியின் அச்சுக் கோப்பைக்கு அங்குலத்துக்கு 26 மரை. மற்றப் பிரித்தானியக் கொம்பனிகளின் 24 மரைக் கோப்பை அதில் ஏறாது. உடைந்த றலியைக்கூடத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது அதனால் புத்திசாலித்தனம்.

 

1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி ரயில் குடாநாட்டுக்கு வருவது நின்றது, மின்சாரம் அற்றுப்போனது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, யூரியா என்று அரசு விதித்த பொருளாதாரத் தடையின் பட்டியல் நீண்டது. இருந்த கார்கள் சில சொட்டுப் பெற்றோலில் இயங்கத் தொடங்கி மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடின. மற்றதெல்லாம் சைக்கிளின் தலையில் விழுந்தது. விறகு, வெங்காயம், மரவள்ளி, மீன், கள்ளு, பாண், சீமெந்துக்குப் பதிலாகத் தேடிய பழைய கல்லு, வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய நோயாளி, எல்லாமே கரியரில் ஏறின. ரியூபில் ஒட்டுக்கு மேல் ஒட்டு விழுந்தது. பெண்பிள்ளைகள் சைக்கிளில் ரியூசனுக்குப் போவது இந்தக் காலத்தில் தெருவின் வழக்கமான காட்சியாயிற்று. எந்தப் பிரசங்கமும் செய்யாத மாற்றத்தை எரிபொருள் இல்லாமை செய்தது என்றே சொல்லவேண்டும்.

பற்றரி இல்லாத வீட்டுக்குச் செய்தி கொண்டுவந்ததும் சைக்கிள்தான். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவை ரயரில் சாய்த்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் வானொலிக்குக் காது கொடுத்தார்கள். இதற்குள்ளும் அந்தப் பல் கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 60 தரம் பெடலைச் சுற்றினால் 48க்கு 18 விகிதத்தில் சில்லு 160 தரம் சுற்றும்; ரயரின் ஓட்டம் மணிக்கு 21 கிலோமீற்றர் அளவுக்கு வரும். 6 வோல்ற் டைனமோ ஒழுங்காக மின் தர அந்த வேகம் போதும். டைனமோவில் வருவது மாறுமின்னோட்டம் என்பதால், வானொலிக்குக் கொடுக்கமுன் டயோட் வைத்து நேராக்கவேண்டும். நாலு பென் ரோச் பற்றரி தரும் வலுவை ஒரு கை தந்தது. கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் ஓய்ந்தது.

ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில் கிளாலிக் கடனீரேரியை வள்ளத்தில் கடந்தவர்கள் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டே போனார்கள். உயிருக்கு உத்தரவாதமில்லாத இரவுப் பயணம் அது. அக்கரையில் இறங்கியபின் வன்னிக்குள் போக வேறு வாகனத்தை நம்பியிருக்க முடியாது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதும் போருக்குத் தப்பி இடம்பெயர்ந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி லட்சக்கணக்கானோர் ஒரே தெருவில் நெருக்கியபடி தென்மராட்சிக்குப் போனார்கள். மிதிக்க இடம் ஏது? சைக்கிள்கள் உருட்டப்பட்டன. கரியரில் மூட்டை, பாரில் குழந்தை, ஹாண்டிலின் இரு பக்கமும் வாளியும் பையும். 1954இல் டியென் பியென் பூ போர்க்களத்துக்கு வியற்நாமியர் சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றித் தள்ளிப்போனது உலகப் போர் வரலாற்றில் புகழோடு எழுதப்பட்டிருக்கிறது. நாவற்குழியில் உருண்ட சைக்கிள்களும் பாரம் சுமந்தன. அவற்றில் இருந்ததோ ஓடுகிற ஒரு குடும்பத்தின் மிச்சம். உருட்டும்போது பிறீவீல் தன்பாட்டில் 'கிரிக் கிரிக்' என்று சுழலும், சங்கிலியும் கிராங்கும் அசையாது நிற்கும்.

2002 ஏப்ரலில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தபின் மோட்டார் சைக்கிள்களும் கியர் சைக்கிள்களும் குவிந்தன. கியர் சைக்கிளின் பின்பற்கள் மெல்லியவை. பழைய றலியின் எட்டில் ஒரு அங்குல அகலச் சங்கிலி அதற்குப் பொருந்தாது. ஆனாலும் ஒரே பல் விகிதத்தில் ஓடும் வண்டி உலகத்தில் எங்கும் ஒழிந்துவிடவில்லை. மண்மேட்டில் ஏறிப் பாய்வதற்கென்றே மேலை நாடுகளில் செய்யப்படும் டேர்ட் ஜம்ப் சைக்கிளிலும் கியரைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுவார்கள். விழுந்தெழும்பும்போது உடைவதற்கு அதில் எதுவும் இருக்கக்கூடாது. அவர்கள் 26 அங்குலச் சில்லுக்கு 32க்கு 16 போன்ற விகிதத்தைத் தெரிவுசெய்கிறார்கள். ஒரு மிதிக்கு நாலு மீற்றர், சட்டென்று எடுத்தடிக்க அது போதும். தேவைகள் வேறு, ஆனால் ஒரே விகிதத்தில் நம்பிக்கை வைத்த காரணம் ஏறத்தாழ ஒன்றே.

2022இல் நாடு முழுவதும் பெற்றோல் வரிசை நீண்டபோது சைக்கிள் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியது. குடாநாட்டு வீடுகளின் கோடியில் சாத்தியிருந்த பழைய வண்டிகள் வெளியே வந்தன. துரு தட்டி, போல்ஸ் மாற்றி, கிரீஸ் பூசி, கிராங் முளையை ராவி இறுக்கியதும் அவை ஓடின. பின்பல்லு 18 போதுமா, 20 போடவா என்பது மட்டும் கேட்டுச் செய்யவேண்டியதாக இருந்தது.