விரிசல் விழுந்த கடைசிச் சட்டகம்

அறுபதுகளின் அமெரிக்க எதிர்க்கலாச்சாரத் திரைப்படம் என்றதும் நாம் 1969இல் வெளியான 'ஈஸி ரைடர்' படத்தையே முதலில் நினைக்கிறோம். அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, அதே பீட்டர் ஃபோண்டாவும் டென்னிஸ் ஹாப்பரும் நடிக்க, ஜாக் நிக்கல்சன் திரைக்கதை எழுத, ரோஜர் கோர்மன் இயக்கத்தில் 'தி ட்ரிப்' வெளிவந்திருந்தது. பயணம் என்னும் பொருளுடைய அச்சொல், எல்.எஸ்.டி. உட்கொண்டவர் அடையும் மனமயக்கத்தையும் அன்றைய இளைஞர் வழக்கில் குறித்தது.

சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938இல் உருவாக்கிய வேதிப்பொருள் அது. அதன் விளைவை அவர் கண்டறிந்தது 1943இல். சில காலம் மனநல மருத்துவர்களின் ஆய்வுப்பொருளாயிருந்து, பின்னர் தெருவுக்கு வந்தது. 1966 அக்டோபரில் கலிஃபோர்னியா மாநிலம் அதைச் சட்டவிரோதமாக்கியது. மறு ஆண்டே இப்படம் திரைக்கு வந்தது என்பதை மனத்தில் கொண்டால்தான் பின்னர் நேர்ந்தது விளங்கும்.

கோர்மன் ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்தவர். குறைந்த செலவில், குறைந்த நாட்களில் படமெடுப்பதில் பெயர்பெற்றவர். தெரியாத பொருளைப் பற்றிப் படமெடுக்க விரும்பாமல், பிக் சர் வனப்பகுதிக்குச் சென்று தாமே எல்.எஸ்.டி.யை உட்கொண்டு பார்த்தார். அவருடைய கதாநாயகன் பால், தொலைக்காட்சி விளம்பரப் படங்களின் இயக்குநர். மணமுறிவின் வாசலில் நிற்பவன். நண்பன் ஒருவனின் கண்காணிப்பில் அவன் ஓரிரவு மேற்கொள்ளும் அகப்பயணமே படம்.

பணமில்லாத இடத்தில் உத்திகளே துணை. பலகோணக் கண்ணாடி வில்லைகள், உடல்மீது வீழ்த்தப்படும் வண்ண ஒளிக்கோலங்கள், இமைப்பொழுதில் மாறும் வெட்டுகள். கணினி வரைகலைக்குப் பழகிய நம் கண்களுக்கு இவை சற்று நேரத்தில் சலித்துவிடுகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உத்திகள் ஓய்ந்த இடங்களில் படம் உயிர்பெறுகிறது. ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கையிலேந்திச் சூரியனைக் கண்டவன்போல் வியக்கிறான் பால். நள்ளிரவில் சலவை இயந்திரக் கடையொன்றில் நுழைந்து, சுழலும் துணிகளைக் கண்டு திகைக்கிறான். அங்கிருக்கும் பெண்ணுக்கு அவன் விசித்திரம்; அவனுக்கோ அந்த இயந்திரம் விசித்திரம்.

கோர்மன் இப்போதையைப் போற்றவுமில்லை, தூற்றவுமில்லை. அதுவே தயாரிப்பு நிறுவனமான அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸை அச்சுறுத்தியது. படத்தின் தொடக்கத்தில் அது ஓர் எச்சரிக்கை வாசகத்தைச் சேர்த்தது. விடியலில் உறைந்து நிற்கும் பாலின் முகத்தின்மீது, உடைந்த கண்ணாடிபோல் விரிசல்களைப் பரவவிட்டது. இவன் வாழ்வு சிதைந்தது என்பது தீர்ப்பு. இயக்குநர் திறந்து வைத்திருந்த முடிவை, அவர் விருப்பத்துக்கு மாறாக மற்றவர்கள் மூடிவிட்டார்கள்.

அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. அப்பொருளால் மனம் பேதலித்தவர்களும் உண்டு. ஆயினும் விரிசலால் ஆன பயன் என்ன? பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் 1967இல் சான்றிதழ் மறுத்தது; அங்கே வெட்டின்றி வெளியிட அனுமதி கிடைத்தது 2004இல்தான். தம் படங்களில் நிறுவனம் தொடர்ந்து கைவைத்ததில் மனம் கசந்த கோர்மன், 1970இல் நியூ வேர்ல்ட் பிக்சர்ஸைத் தொடங்கினார். பெர்க்மனின் 'க்ரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்', ஃபெலினியின் 'அமர்கார்ட்' ஆகியவற்றை அமெரிக்கத் திரையரங்குகளுக்குக் கொண்டு சென்றது அந்நிறுவனமே. 2024இல், தமது 98ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இன்று இப்படத்தைக் காணும் நாம் இரண்டு ஆவணங்களை ஒருசேரக் காண்கிறோம். ஒன்று, ஒரு தலைமுறை தன் அகத்துக்குள் எட்டிப்பார்த்த ஆவல். மற்றொன்று, அந்த ஆவலைக் காசாக்க விரும்பியவர்களே அதற்கு அஞ்சிய அச்சம். வண்ண ஒளிகள் மங்கிப்போயின. அந்த அச்சம் மட்டும் விரிசலாகக் கடைசிச் சட்டகத்தில் தெளிவாக நிற்கிறது.