இரண்டு கடிவாளங்கள்

புற்றுநோய் வைத்தியத்தின் சரித்திரத்தில் கத்தி, கதிர், மருந்து ஆகிய மூன்றும் வெகுகாலம் ஆட்சி செய்து வந்தன. நான்காவதாக வந்து சேர்ந்தது நம் உடலின் சொந்தக் காவற்படை. அந்தப் படை ஏன் இத்தனை காலம் செயலற்று நின்றது, எவ்வாறு ஏவப்பட்டது என்னும் வரலாறு, முற்றிய சருமப் புற்றுநோயிலேதான் மிகத் தெளிவாக விளங்குகிறது.

சருமத்துக்கு நிறம் தரும் உயிரணுக்களில் தோன்றும் இந்நோய்க்கு மெலனோமா என்று பெயர். தொடக்கத்திலேயே வெட்டி அகற்றினால் பெரும்பாலும் குணமாகிவிடும். நுரையீரலுக்கும் ஈரலுக்கும் மூளைக்கும் பரவிவிட்டாலோ, 2010-ஆம் ஆண்டு வரையில், நோயாளிகளில் பாதிப்பேர் ஓராண்டைக் கடப்பதும் அரிதாயிருந்தது. 1975-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டகார்பசீன் என்னும் மருந்து, சிலருக்குக் கட்டியைச் சுருக்கியது. ஆயுளை நீட்டியதாக நிரூபணமாகவில்லை.

காவற்படையைப் பற்றிய முதல் நம்பிக்கை நியூயார்க் நகரில் பிறந்தது. கடுமையான சருமத் தொற்றும் காய்ச்சலும் கண்ட ஒரு நோயாளிக்குக் கழுத்துக் கட்டி மறைந்துபோன செய்தியை, மருத்துவமனையின் பழைய பதிவேடுகளில் வில்லியம் கோலி என்ற அறுவை வைத்தியர் கண்டார். 1891-இல் அவரே துணிந்து, அறுவைக்கு அடங்காத கட்டியில் பாக்டீரியாவைச் செலுத்தினார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குக் கரையவில்லை. காரணம் விளங்காத வெற்றியை உலகம் நெடுநாள் நம்புவதில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை வளர்ந்தது. கோலியின் முறை மறைந்தது.

காரணம் விளங்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. நோயுற்ற அணுவை அடையாளம் கண்டு அழிப்பவை, டி-அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள். இவை கட்டுக்கடங்காத குதிரைகள் போன்றவை. அவிழ்த்து விட்டால் சொந்த உடலையே மிதித்துவிடும். ஆகவே இயற்கை அவற்றுக்குக் கடிவாளங்கள் பூட்டியிருக்கிறது. சி.டி.எல்.ஏ.-4 என்ற புரதம் அவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் பெர்க்லியில் ஜேம்ஸ் அலிசன், இக்கடிவாளத்தைத் தளர்த்தினால் எலிகளின் கட்டிகள் அழிவதை 1996-இல் வெளியிட்டார். ஜப்பானின் கியோட்டோவில் தசுக்கு ஹோஞ்ஜோ, பி.டி.-1 என்னும் மற்றொரு புரதத்தை 1992-இல் கண்டறிந்தார். அதுவும் ஒரு கடிவாளமே என்பது பின்னர் புலப்பட்டது. இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரு கடிவாளங்களும் ஒரே இடத்தில் இழுப்பவை அல்ல. முதலாவது, நிணநீர்க் கணுக்களில் படை திரளும்போதே அதனைத் தடுக்கிறது. இரண்டாவது, படை கட்டியை நெருங்கியபின் அதன் கையைக் கட்டுகிறது; புற்றுநோய் அணுக்கள் இந்த வசதியைத் தந்திரமாகப் பயன்படுத்திக் கொள்கின்றன. முதல் கடிவாளத்தைத் தளர்த்தும் இபிலிமுமாப் 2011-இலும், இரண்டாவதைத் தளர்த்தும் நிவோலுமாப் 2014-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டையும் ஒருங்கே தளர்த்தினால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. 2015-இல் கூட்டுச் சிகிச்சைக்கும் அங்கே அனுமதி கிடைத்தது.

மெலனோமா முற்றிய 945 பேரை மூன்று பிரிவாக்கி நடத்திய பெரிய சோதனையின் பத்தாண்டு முடிவு 2024-இல் வெளியாயிற்று. இபிலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 19 பேரும், நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் 37 பேரும், இரண்டும் பெற்றவர்களில் 43 பேரும் பத்தாண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர். ஓராண்டையே எண்ணிக் கொண்டிருந்த நோயில் இது சாமானியமான மாறுதலன்று.

ஆயினும் விலையின்றி வந்த வரம் அல்ல இது. இரு கடிவாளங்களும் தளர்ந்த படை, குடலையும் ஈரலையும் நுரையீரலையும் சுரப்பிகளையும் பகையென மயங்கித் தாக்குவதுண்டு. கூட்டுச் சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இத்தகைய கடும் விளைவுகள் நேர்ந்தன. நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே நேர்ந்தன. நூற்றில் ஆறு பேரின் கூடுதல் வாழ்வுக்காக இத்துணைத் துன்பத்தை ஏற்பதா என்பது, வைத்தியரும் நோயாளியும் அமர்ந்து ஆராய வேண்டிய கேள்வி. இளைஞர் ஒருவருக்குப் பொருந்தும் விடை, தளர்ந்த முதியவருக்குப் பொருந்தாமற் போகலாம்.

பொருட்செலவு மற்றொரு தடை. நம் நாட்டில் இம்மருந்துகள் பெரும்பாலோர்க்கு எட்டாதவை. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிவோலுமாப், முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயில் ஆயுளை நீட்டியதை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் 2022-இல் வெளியிட்டனர். அது வேறு புற்றுநோய். எனினும் வழி ஒன்று இருப்பதை அது காட்டுகிறது.

நேயர்கள் நினைவில் வைக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மெலனோமா நம்மவர்க்கு அபூர்வமாகவே வருகிறது. வரும்போது உள்ளங்காலிலும் நகத்தடியிலும் மறைந்து வளர்வதுண்டு. அவ்வகையில் இப்புதிய சிகிச்சையின் பலனும் குறைவாகவே காணப்படுகிறது. எனவே, பாதத்தில் தோன்றிய கரும்புள்ளி பரவினாலோ நிறமும் வடிவும் மாறினாலோ, செருப்பு உரசியதென்று இருந்துவிடாமல் உடனே வைத்தியரிடம் காட்டுவது நலம். கடிவாளங்களைத் தளர்த்த வேண்டிய நிலையே வராதிருப்பது எல்லாவற்றினும் மேலானது அல்லவா?