இரைப்பைக்குள் எட்டிப் பார்த்தவர்கள்

தின்ற உணவு இரைப்பையில் என்ன ஆகிறது என்பதில் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பிய அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. இரைப்பை உணவை அரைக்கிறது என்றது ஒரு தரப்பு. உடல்சூட்டில் உணவு வேகிறது என்பது பண்டைய மருத்துவர் கேலன் காலத்துக் கருத்து. நொதிக்கிறது, அழுகுகிறது என்றவர்களும் உண்டு. உயிருள்ள வயிற்றுக்குள் பார்க்க வழியில்லாததால் எந்தக் கட்சியும் தோற்கவில்லை.

1752இல் ரெயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞருக்கு ஒரு பருந்து வழிகாட்டியது. செரிக்காதவற்றைப் பருந்து தானே கக்கிவிடும். இரு முனையும் திறந்து வலையிட்ட சிறு உலோகக் குழாயில் இறைச்சியை வைத்து அதை விழுங்கச் செய்தார். வெளியே வந்த குழாய் நசுங்கவில்லை. இறைச்சியோ கரைந்திருந்தது, அழுகல் வாடையும் இல்லை. அடுத்து குழாயில் ஸ்பாஞ்சை வைத்து இரைப்பை நீரையே எடுத்துவிட்டார்.

ஆனாலும் அரைவைக் கட்சி சொன்னது முழுப் பொய்யல்ல. அவர்கள் பார்த்த பறவை வேறு. தானியம் தின்னும் கோழிக்கும் வான்கோழிக்கும் தடித்த தசையாலான அரைவைப் பை உண்டு. பல்லில்லாத குறையை அந்தத் தசையும், கொத்தி விழுங்கிய சிறுகற்களும் ஈடுசெய்கின்றன. இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி ஊசிகள் பதித்த ஈயக் குண்டை வான்கோழிக்குக் கொடுத்தபோது ஊசிகள்தாம் ஒடிந்தன. தவளை, பாம்பு, ஆடு என்று பல உயிர்களைச் சோதித்தவர், துணிப்பையில் உணவைக் கட்டித் தாமே விழுங்கியும் பார்த்தார். அசைபோடும் மாடு, ஆடுகளின் இரைப்பையிலோ முதல் மூன்று அறைகளைத் தாண்டி நான்காவதில்தான் மனித இரைப்பையைப் போன்ற அமிலச் செரிமானம் நடக்கிறது. அதற்குமுன் அசைபோடுதலும் நுண்ணுயிர்களும் புல்லைப் பதப்படுத்திவிடுகின்றன.

மனித இரைப்பை திறந்தது ஒரு விபத்தால். 1822 ஜூன் 6 அன்று, அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், விலங்கு ரோம வணிக நிறுவனம் ஒன்றின் கடையில் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அலெக்சிஸ் சென்ட் மார்ட்டின் என்ற கனடியப் படகுத் தொழிலாளியின் விலாவில் குண்டுகள் பாய்ந்தன. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அவரைப் பிழைக்க வைத்தார். ஆனால் இரைப்பைக்கு நேராக ஒரு துளை மூடாமல் நின்றுவிட்டது.

1825 ஆகஸ்டில் சோதனைகள் தொடங்கின. மாட்டிறைச்சி, பன்றிக்கொழுப்பு, ரொட்டி, முட்டைக்கோசு ஆகியவற்றைப் பட்டுநூலில் கட்டித் துளைவழியே இறக்கி, மணிக்கொரு முறை இழுத்துப் பார்த்தார் போமான்ட். உணவு வந்தால்தான் நீர் சுரக்கிறது, கோபம் செரிமானத்தைக் கெடுக்கிறது, எடுத்த நீர் வெதுவெதுப்பான குப்பியிலும் இறைச்சியைக் கரைக்கிறது என்று கண்டு, 1833இல் நூலாக்கினார். சென்ட் மார்ட்டினோ அவர் வீட்டில் விறகு வெட்டிக்கொண்டே சோதனைப் பொருளாகவும் இருந்தவர். ஆண்டுக்கு 150 டாலர் என்று ஒப்பந்தம் எழுதிய பிறகும் அவரை இருத்தி வைப்பது எளிதாக இல்லை. நூலின் புகழில் அவருக்குக் கிடைத்த பங்கு சொற்பம். அவர் 1880இல் இறந்தபோது, உடலை மருத்துவர்கள் அறுக்காதபடி குடும்பத்தார் அழுகவிட்டே ஆழப் புதைத்தனர்.

இரைப்பை நீரிலுள்ளது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று பிரிட்டனின் வில்லியம் பிரவுட், போமான்ட் சோதனைகளைத் தொடங்கும் முன்பே, 1823இல் காட்டியிருந்தார். அமிலத்தால் மட்டும் இறைச்சி அவ்வளவு விரைவாகக் கரையாது. கூட இருந்த பெப்சின் என்ற நொதியை 1836இல் தியோடர் ஷ்வான் கண்டறிந்தார். பின்னர் ரஷ்யாவின் பாவ்லோவ், நாய்களுக்கு அறுவை செய்து அதே போன்ற துளையை அமைத்து, இரைப்பைச் சுரப்பை நரம்புகள் ஆள்வதை விளக்கினார். செரிமான ஆய்வுக்காக 1904இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.