வயசானா அரசியல் மாறுமா? ராஜாஜியும் பெரியாரும் இடம் மாறிய கதை

இந்த எபிசோடை வேங்கிக்காலில் இருந்து ரெக்கார்ட் பண்றேன். திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம். இங்கிருந்து ஆட்டோ பிடிச்சா கொஞ்ச நேரத்துல ரயில்வே ஸ்டேஷன். இன்னைக்குக் கதை அந்த ஸ்டேஷன்லதான் ஆரம்பிக்குது.

1949 மே மாதம். இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ராஜாஜி திருவண்ணாமலைக்கு வருகிறார். பெரிய கோயிலில் பாதாள லிங்கச் சன்னதியைப் புதுப்பித்திருந்தார்கள். சிறுவனாக ஊருக்கு வந்த ரமணர் தியானத்தில் உட்கார்ந்திருந்த இடம் அது. அதைத் திறந்து வைக்கத்தான் ராஜாஜி வந்தார். அதே ஸ்டேஷனில் அவரைத் தனியாகச் சந்திக்க ஒருவர் வந்திருந்தார். கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் பேசிய பெரியார்!

ராஜாஜிக்கு 70 வயது, பெரியாருக்கு 69. பெரியார் கேட்க வந்தது ஒரு சொந்த விஷயம். தனக்குப் பிறகு இயக்கத்தையும் அதன் சொத்துகளையும் யார் பார்த்துக்கொள்வது, அதற்காகத் தன்னைவிடப் பல பத்தாண்டுகள் இளையவரான மணியம்மையைச் சட்டப்படி திருமணம் செய்யலாமா என்ற யோசனை. ஜூலையில் திருமணம் பதிவானது. செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்தநாள் அன்றே, அண்ணா தலைமையில் திமுக தனிக் கட்சியானது. பலரும் ராஜாஜியைத் திட்டினார்கள். ஆனால் பின்னாளில் வெளிவந்த ராஜாஜியின் கடிதத்தைப் பார்த்தால், வயது வித்தியாசத்தைச் சொல்லித் தயங்கியவர் அவர்தான்.

எதிரெதிர் முகாம்களில் இருந்த இரண்டு பேர், ஒருத்தரை ஒருத்தர் இந்த அளவுக்கு நம்பினாங்க. அதனால நம்ம கேள்விக்கு இவங்களைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. "சின்ன வயசுல புரட்சி பேசுவான், இஎம்ஐ வந்தா அடங்கிடுவான்"னு நம்ம வீடுகள்ல சொல்லுவாங்க இல்லையா? அது உண்மையா? வயசு ஏற ஏற அரசியல் மாறுதா? மாறினா, எது மாறுது?

ஒரே கேள்வி, இடம் மாறிய பதில்

1910களின் கடைசியில் ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவர், பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவர். பெரியாரைக் காங்கிரசுக்குள் அழைத்து வந்ததில் ராஜாஜிக்குப் பெரிய பங்கு உண்டு. கதர் விற்றார், கள் கூடாது என்று தன் தோப்பில் 500 தென்னை மரங்களை வெட்டினார் பெரியார். 1925 காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காததும் காங்கிரசை விட்டு வெளியே வந்துவிட்டார். அங்கே பிரிந்தது வழி.

1938இல் மாகாண ஆட்சி ராஜாஜி கையில். 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்குகிறார். போராட்டம் வெடிக்கிறது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதாகிறார்கள், பெரியாரும் சிறைக்குப் போகிறார். நடராசன், தாளமுத்து என்று இரண்டு இளைஞர்கள் 1939இல் சிறைக் காவலில் இருக்கும்போதே இறந்துபோகிறார்கள்.

இப்போ அப்படியே 27 வருஷம் தள்ளி வாங்க. 1965 ஜனவரி. இந்தி ஆட்சிமொழியாகும் நாள் நெருங்க, கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்குகிறார்கள். 86 வயது ராஜாஜி எந்தப் பக்கம்? இந்தித் திணிப்புக்கு எதிர்ப்பக்கம். 1950களின் பிற்பகுதியிலிருந்தே ஆங்கிலம் தொடர வேண்டும் என்று வாதாடி வந்தவர் அவர். 85 வயது பெரியார் எந்தப் பக்கம்? போராட்டத்தைக் கண்டித்துக் காங்கிரஸ் அரசுக்கு ஆதரவாக எழுதிக்கொண்டிருந்தார்.

1938 படத்தையும் 1965 படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டு பேரும் நாற்காலியை மாத்திக்கிட்ட மாதிரி இருக்கும்.

அப்போ யாருக்குமே கொள்கை இல்லையா?

அவசரப்பட வேண்டாம். ராஜாஜிக்கு 1938இல் எதிரில் இருந்தது வெள்ளைக்கார ஆட்சி. நாட்டை ஒன்றுசேர்க்க ஒரு பொதுமொழி வேண்டும், அது இந்தி என்று நம்பினார். 1950களில் எதிரில் இருந்தது டெல்லி. இப்போது இந்தியைத் திணித்தால் அதே நாடு உடைந்துவிடும் என்று பயந்தார். 'நாடு ஒன்றாக இருக்க வேண்டும்' என்பது மாறவில்லை. அதற்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்ற கணக்கு மாறியது. 1959இல், 80 வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கியதும் லைசென்ஸ் ராஜ்ஜியமும் மத்தியில் குவியும் அதிகாரமும் ஆபத்து என்று நினைத்ததால்தான்.

பெரியாருக்கு மையம் சாதி. 1925இல் எதற்காகக் காங்கிரசை விட்டாரோ, அதே இடஒதுக்கீட்டுக்காக 1950இல் போராடினார். அந்தப் போராட்டத்தின் அழுத்தம் 1951இன் முதல் அரசியல் சட்டத் திருத்தத்தில் தெரிந்தது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை 'குலக்கல்வி' என்று எதிர்த்தார். 1954இல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார், பள்ளிகளைத் திறந்தார், மதிய உணவு கொடுத்தார். பெரியார் காமராஜர் பக்கம் நின்றது அதனால்தான். 1965இல் இந்தி எதிர்ப்பு என்ற பெயரில் அந்த ஆட்சி கவிழ்ந்தால் பழைய ஆட்கள் திரும்பி வருவார்கள் என்பது அவர் பயம்.

மாறாத பிடிவாதமும் இருந்தது. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்த அதே ராஜாஜி, 1971இல் 92 வயதில், மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாம் என்று முதல்வர் கருணாநிதியை நேரில் பார்த்துக் கேட்டார். தென்னையை வெட்டிய பெரியாரோ பின்னாளில் மதுவிலக்கையே எதிர்த்தார். ஆக, எல்லாம் மாறும், எதுவும் மாறாது ரெண்டுமே தப்பு. ஒவ்வொருத்தர்கிட்டயும் அசையாத ஒரு இடம் இருக்கும். மத்ததெல்லாம் அதைச் சுத்தி நகரும்.

ஆராய்ச்சி என்ன சொல்லுது?

கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளர் 1928இலேயே எழுதினார்: பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் நாம் பார்க்கிற பெரிய நிகழ்வுகள்தான் அரசியல் பார்வைக்கு அஸ்திவாரம். அமெரிக்காவில் 1965இல் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தவர்களை 1997 வரை திரும்பத் திரும்பச் சந்தித்துத் தரவு சேர்த்தார்கள். அதை வைத்துப் பீட்டர்சன், ஸ்மித், ஹிப்பிங் மூவரும் 2020இல் எழுதிய கட்டுரையின் முடிவு, பெரும்பாலானோர் பெரிதாக மாறுவதே இல்லை. மாறுகிற சிலரில் மட்டும், இடதிலிருந்து வலதுக்குப் போகிறவர்கள் அதிகம். இஎம்ஐ பழமொழியில் கொஞ்சம் உண்மை இருக்கு, முழுசா இல்லை.

இன்னொரு ஆய்வு. 1930களில் பென்னிங்டன் கல்லூரி மாணவிகளிடம் தியோடர் நியூகோம்ப் கேள்வி கேட்டார். பழமைவாதக் குடும்பப் பெண்கள் கல்லூரியில் தாராளப் பார்வைக்கு மாறியிருந்தார்கள். 1960களில் போய்ப் பார்த்தால் பெரும்பாலோர் அப்படியே இருந்தார்கள். காரணம், கணவரும் நண்பர்களும் அதே கருத்துக்காரர்கள். நம்ம கருத்தைக் காப்பாத்துறதும் கவிழ்க்கிறதும் வயசைவிட நம்மைச் சுத்தி இருக்கிற ஆட்கள்தான்.

வேங்கிக்காலில் இருக்கிற என் பெரியப்பாவுக்கு 1965இல் 17 வயசு. "இந்தி வந்தா நமக்கு சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலையே கிடைக்காது"ன்னு ஊர்வலத்துல நடந்தவர். தொண்ணூறுகள்ல தன் பொண்ணைத் தனியா இந்தி டியூஷன்ல சேர்த்தார். வீட்டுல எல்லாரும் கிண்டல் பண்ணினோம். அவர் ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "அன்னிக்கு என் வேலைக்குப் பயந்தேன், இன்னிக்கு இவ வேலைக்குப் பயப்படறேன்டா." பயம் அதே பயம். 'அதுக்கு என்ன வழி'ங்கற பதில் மட்டும் மாறியிருக்கு. திணிப்பு வேற, விரும்பிப் படிக்கிறது வேறன்னு அவர் இன்னைக்கும் சண்டை போடுவார்.

ஆனா ஒரு எச்சரிக்கை

'உள்ளே அவர் மாறவில்லை' என்று சொல்லி எல்லாவற்றையும் மன்னித்துவிட முடியாது. ராஜாஜியின் மனம் பின்னால் மாறியதால் நடராசனும் தாளமுத்துவும் திரும்பி வரவில்லை. அதிகாரத்தில் இருக்கிறவர் லேட்டாகப் புரிந்துகொண்டால், அதற்கு விலை கொடுப்பது வேறு யாரோ. பதவிக்காக நிறம் மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கிற சோதனை எளிமையானது: மாறியதால் அவருக்கு வரவா, செலவா? 1942இல் கட்சியின் பாதை சரியில்லை என்று ராஜாஜி காங்கிரசை விட்டு விலகினார், தனித்து நின்றார். 1967இல் தான் ஆதரித்த காங்கிரஸ் தோற்ற பிறகும், வென்ற அண்ணா முதலில் தேடிப் போனது திருச்சியில் இருந்த பெரியாரைத்தான். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் வந்ததும் அந்த ஆட்சியைப் பெரியார் மனம் திறந்து வரவேற்றார். தேர்தலில் எந்தப் பக்கம் நின்றோம் என்ற வீம்பு அவரிடம் இல்லை.

அதனால உங்க வீட்டுல யாராவது 'அந்தக் காலத்துல நாங்க'ன்னு ஆரம்பிச்சு இன்னைக்கு நேர்எதிரா ஒரு ஃபார்வர்டு அனுப்பினா, "ஏன் மாறிட்டீங்க"ன்னு கேக்காதீங்க. அந்தக் கேள்விக்கு யாரும் நேரா பதில் சொல்ல மாட்டாங்க. "இப்போ எதை நினைச்சுப் பயப்படறீங்க?"ன்னு கேளுங்க. பதில்ல அவங்களோட அசையாத இடம் தெரியும். அது சரியான இடமா, யாரை மிதிச்சு நிக்குதுன்னு அதுக்கப்புறம் சண்டை போடலாம். அந்தச் சண்டையாவது உபயோகமா இருக்கும். இதே கேள்வியை நாற்பது வயசுல நம்மளையும் யாராவது கேப்பாங்க, தயாரா இருப்போம்.

1972 டிசம்பர் 25, ராஜாஜி இறந்தார். இறுதிச் சடங்குக்குச் சக்கர நாற்காலியில் வந்த பெரியார் அழுதார். அரை நூற்றாண்டு சண்டை போட்ட ஆளுக்காக. சரியாக ஒரு வருடத்துக்கு ஒரு நாள் முன்னால், 1973 டிசம்பர் 24 அன்று அவரும் போய்ச் சேர்ந்தார். ஐந்து நாள் முன்புவரை மேடையில் சாதியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.