சிரிப்பிலும் சத்தியம்



மனம் நோகும்படி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, எதிரிலிருப்பவரின் முகம் வாடியதும் "சும்மா வேடிக்கைக்குத்தான் சொன்னேன்" என்று ஒதுங்கிக்கொள்வதை நம் வீடுகளில் அன்றாடம் காண்கிறோம். இந்தச் சாக்கு புதியதன்று. ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு தபூக் பயணத்தில், குர்ஆன் ஓதும் தோழர்களை வயிற்றாசை பிடித்தவர்கள், கோழைகள் என்று எள்ளிய முனாஃபிக்குகள் விசாரிக்கப்பட்டபோது கூறியதும் இதுவே. தவ்பா அத்தியாயத்தின் 65, 66-ஆம் வசனங்கள் அதனை ஏற்க மறுத்தன.

அப்படியானால் மார்க்கத்தில் சிரிப்புக்கே இடமில்லையா? உண்டு. அரபு மொழியில் மிஸாஹ் என்பது அன்பினால் எழும் வேடிக்கை. ஸுக்ரிய்யா என்பது பிறரைத் தாழ்த்தும் ஏளனம். ஹுஜுராத் அத்தியாயம் தடுப்பது பின்னதையே. முன்னதை அண்ணல் நபி (ஸல்) அவர்களே செய்துள்ளார்கள். ஆனால், அதிலும் உண்மையையன்றி வேறெதையும் உரைத்ததில்லை.

வாகனம் கேட்டு வந்த ஒருவரிடம், ஒட்டகத்தின் பிள்ளையைத் தருவதாகச் சொன்னார்கள். குட்டியை வைத்து என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகம்தான் இன்னோர் ஒட்டகத்தின் பிள்ளை இல்லை என்று வினவினார்கள். அறுபது வயதானவரும் தாய்க்குப் பிள்ளைதானே!

ஸாஹிர் (ரலி) கிராமவாசி, தோற்றப் பொலிவில்லாதவர். நம்மிடையே இருந்திருந்தால் அவருக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டியிருப்போம். சந்தையில் அவர் பொருள் விற்றுக்கொண்டிருந்தபோது, நபியவர்கள் பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்து, இந்த அடிமையை வாங்குவோர் யார் என்று கேட்டார்கள். அதில் பொய்யேது? அனைவரும் அல்லாஹ்வின் அடிமைகளே. தாம் விலைபோகாத சரக்கு என்றார் ஸாஹிர். அல்லாஹ்விடம் நீர் விலைமதிப்புள்ளவர் என்றார்கள் நபியவர்கள். வேடிக்கை தொடங்கியபோது இருந்ததைவிட அது முடிந்தபோது அம்மனிதர் உயர்ந்து நின்றார்.

பின்வந்த அறிஞர்களும் சிரிப்பை வெறுக்கவில்லை. 'தல்பீஸு இப்லீஸ்' எழுதிய பக்தாதின் இப்னுல் ஜவ்ஸீ (மறைவு ஹிஜ்ரி 597), மூடர்களின் கதைகளையும் தனி நூலாகவே தொகுத்தார்.

எல்லை எது? ஒரு பயணத்தில் உறங்கிக்கொண்டிருந்த தோழரின் கயிற்றை மற்றொருவர் எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமை இன்னொரு முஸ்லிம் அச்சுறுத்துவது ஆகாது என்றார்கள் நபியவர்கள். வெறும் கயிறுதான்!

நிக்காஹ், தலாக், தலாக்கிலிருந்து மீள்தல் ஆகிய மூன்றிலும் விளையாட்டும் வினையாகவே கொள்ளப்படும் என்பது அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ள நபிமொழி. நண்பர்கள் முன்னிலையில் மனைவியைச் சீண்டுவதற்காக அச்சொல்லை உதிர்த்துவிட்டு, மறுநாள் பள்ளிவாசலுக்கு வந்து, "ஹஜ்ரத், சும்மாதான் சொன்னேன்" என்று நிற்பவரிடம் இந்த ஹதீஸைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.