கால் பென்னி நஷ்டஈடு

எந்தப் பெரிய கம்பெனி வெப்சைட்டைத் திறந்தாலும் ஒரு பக்கம் கண்டிப்பா இருக்கும். பச்சைப் பசேல்னு ஒரு செடி, அதைத் தாங்கிப் பிடிக்கிற ரெண்டு கை, பக்கத்துல சிரிக்கிற குழந்தைங்க, கீழே 'சமூகப் பொறுப்பே எங்கள் உயிர்மூச்சு'ங்கிற ரேஞ்சுல நாலு வரி. பொட்டி தட்டுற நம்ம மாதிரி ஆளுங்க வருஷத்துக்கு ஒருநாள் மரம் நட்டு போட்டோ எடுத்துக்கறதும் இதுல சேர்த்திதான் :)

இதைக் கிண்டல் பண்றது ரொம்ப சுலபம். ஆனா மனசார நல்லது செய்யணும்னு நினைச்ச ஒரு கம்பெனி, அந்த நல்ல பேராலேயே கோர்ட் வரைக்கும் போன கதை ஒண்ணு இருக்கு. கேட்பரி கதை. ஆமாங்க, டெய்ரி மில்க் கேட்பரியேதான்.

1824ல இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துல ஜான் கேட்பரி ஒரு கடை போட்டார். டீ, காபி, குடிக்கிற சாக்லேட் வியாபாரம். அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். குடி கூடாது, போர் கூடாது, அடிமை முறை கூடவே கூடாது என்பவர்கள். 1787ல லண்டன்ல அடிமை வியாபாரத்தை ஒழிக்க ஒரு குழு அமைச்சப்போ, அதுல இருந்த 12 பேர்ல 9 பேர் குவேக்கர்கள்.

ஜானோட பசங்க ரிச்சர்டும் ஜார்ஜும் 1879ல ஃபேக்டரியை நகரத்துப் புகையிலிருந்து வெளியே தள்ளி, போர்ன்வில் என்ற இடத்துக்குக் கொண்டு போனாங்க. விளையாட்டு மைதானம், டாக்டர், பல் டாக்டர், பின்னாடி பென்ஷன் எல்லாம் வந்தது. ஜார்ஜ் பக்கத்துலயே நிலம் வாங்கி, தோட்டத்தோட வீடுகள் கட்டி ஒரு கிராமத்தையே உருவாக்கினார். 1900ல அதைத் தன் குடும்பச் சொத்தா வெச்சுக்காம ஒரு டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்துட்டார். அப்பவே 313 வீடுகள். 'சிஎஸ்ஆர்'ங்கிற வார்த்தையே பிறக்காத காலத்துல இதெல்லாம் சாதாரண விஷயம் இல்லை.

இது வரைக்கும் ஃபேக்டரி கேட்டுக்கு உள்ளேயும் சுத்துவட்டாரத்துலயும் நடந்த கதை. கோகோ எங்கேருந்து வந்துச்சு?

கிட்டத்தட்ட பாதி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கிற சாவ் டோமே, பிரின்சிபே என்ற ரெண்டு குட்டித் தீவுகள்லேருந்து. போர்ச்சுகல் கையில இருந்த தீவுகள். சட்டப்படி அங்கே அடிமை முறை 1870களிலேயே முடிஞ்சாச்சு. தோட்டத்துல இருந்தவங்க 'ஒப்பந்தத் தொழிலாளிகள்'. நடைமுறை வேற. அங்கோலா நாட்டின் உள்பகுதியில ஆட்களை விலைக்கு வாங்கி, கடற்கரை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டு வருவாங்க. அங்கே ஒரு அதிகாரி முன்னாடி நிக்க வெச்சு அஞ்சு வருஷ ஒப்பந்தம் போட்டு, கழுத்துல தகரத் தகடு மாட்டிக் கப்பல்ல ஏத்துவாங்க.

ஒப்பந்தக் கூலின்னா என்னன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிஜிக்கும் நேட்டாலுக்கும் நம்ம ஆளுங்க போனதும் அஞ்சு வருஷ ஒப்பந்தத்துலதான். அதுல எத்தனையோ அநியாயம் நடந்துச்சு, ஆனாலும் ஊர் திரும்ப ஒரு வழி இருந்துச்சு. சாவ் டோமேக்குப் போன அங்கோலாக்காரங்க திரும்பி வந்ததே இல்லைங்கிற நிலைமை.

1901ல ரிச்சர்டோட மகன் வில்லியம் கேட்பரி காதுக்கு இந்தச் செய்தி வந்துச்சு. அதே வருஷம் ஒரு தோட்டம் விற்பனைக்கு வந்த விளம்பரம் கைக்குக் கிடைச்சது. சொத்துப் பட்டியல்ல மாடு, கட்டடத்தோட 200 கறுப்பினத் தொழிலாளிகளும் சேர்த்தி. மனுஷனுக்கு விலை போட்டிருந்தா அதுக்கு வேற என்ன பேர்?

வில்லியம் சும்மா இருக்கலை. 1903ல லிஸ்பன் போய்ப் பேசினார். புதுச் சட்டம் போட்டாச்சு, எல்லாம் சரியாயிடும், வேணும்னா நேர்ல வந்து பாருங்கன்னாங்க. சரின்னு ஜோசப் பர்ட் என்பவரை அனுப்ப முடிவாச்சு. அவர் முதல்ல போர்ச்சுகீஸ் மொழி கத்துக்கிட்டு, 1905ல கிளம்பி, 1907ல திரும்பினார். அதுக்குள்ள ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் அங்கோலா முழுக்க அலைஞ்சு, வழியோரம் கிடந்த எலும்புகளையும் விலங்குக் கட்டைகளையும் பார்த்து, 1906ல புத்தகமே போட்டுட்டார். பர்ட் கொண்டு வந்த அறிக்கையும் அதே முடிவைத்தான் சொன்னது. இதுக்கு நடுவுல பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை, கொஞ்சம் பொறுங்க, நாங்க பேசறோம்னு சொல்லிட்டே இருந்துச்சு. டிரான்ஸ்வால் தங்கச் சுரங்கத்துக்குப் போர்ச்சுகல் வசமிருந்த மொசாம்பிக்லேருந்து ஆள் வேணுமே!

1908 கடைசியில வில்லியமே நேர்ல போனார். 1909 மார்ச்சுலதான் கேட்பரி, ஃப்ரை, ரவுண்ட்ரீ மூணு கம்பெனியும் சாவ் டோமே கோகோ வேண்டாம்னு அறிவிச்சது.

1901 டு 1909. எட்டு வருஷம். அதுவரைக்கும் கோகோ வந்துட்டே இருந்துச்சு. டெய்ரி மில்க் அறிமுகமான 1905ம் இதுக்குள்ளதான் வருது.

அறிவிப்புக்கு முன்னாடியே, 1908 செப்டம்பர்ல, 'ஸ்டாண்டர்ட்' பத்திரிகை ஒரு தலையங்கம் எழுதிடுச்சு. போர்ன்வில் தொழிலாளி மேல இவ்வளவு பாசம் காட்டறவங்க, சாவ் டோமேன்னா மட்டும் ஏன் வாயைத் திறக்கலைங்கிறதுதான் சாரம். ஜார்ஜ் கேட்பரி கையில இருந்த 'டெய்லி நியூஸ்' பத்திரிகை, டிரான்ஸ்வால் சுரங்கத்துல சீனக் கூலிகளை வெச்சதை அடிமைத்தனம்னு விளாசியிருந்துச்சு. குத்து சரியான இடத்துல விழுந்தது. கேட்பரி மானநஷ்ட வழக்கு போட்டது.

1909 கடைசியில பர்மிங்காம்ல, அதாவது சொந்த ஊர்லயே, விசாரணை. கேட்பரிக்கு வக்கீல் ரூஃபஸ் ஐசக்ஸ், பின்னாடி லார்ட் ரீடிங்னு நம்ம ஊருக்கு வைஸ்ராயா வந்த அதே ஆள். எதிர்ப்பக்கம் எட்வர்ட் கார்சன், ஆஸ்கார் வைல்டைக் குறுக்கு விசாரணையில உரிச்சவர். கார்சன் கேட்ட ஒரு கேள்விதான் மொத்த வழக்கும்: உங்க கோகோவுக்காக இந்த எட்டு வருஷத்துல எத்தனை அடிமைகள் செத்தாங்கன்னு கணக்கு ஏதாவது வெச்சிருக்கீங்களா? வில்லியம்கிட்ட கணக்கு இல்லை.

ஜூரி கேட்பரி பக்கம்தான் தீர்ப்பு சொன்னது. நஷ்டஈடு ஒரு ஃபார்திங். ஒரு பென்னியில கால் பாகம்! நீ சொல்றது சட்டப்படி சரி, ஆனா உன் மானத்துக்கு விலை இவ்வளவுதான்னு சொல்லாமச் சொன்ன தீர்ப்பு.

கேட்பரி தரப்பு வாதத்தையும் பார்த்துடுவோம். வாங்கறதை நிறுத்திட்டா நம்ம பேச்சை யார் கேப்பாங்க, வாடிக்கையாளரா இருந்தாத்தான் அழுத்தம் கொடுக்க முடியும் என்றார்கள். வாதத்துல அர்த்தம் இல்லாம இல்லை. மத்த நிறைய கம்பெனிகள் விசாரிக்கக்கூட இல்லை என்பதும் உண்மை. எனக்கு இடிக்கிறது ஒண்ணே ஒண்ணு. அந்த அழுத்தத்துக்கு ஒரு கெடு இல்லை. இந்தத் தேதிக்குள்ள மாறலைன்னா வாங்க மாட்டோம்னு 1903லயே சொல்லியிருக்கலாமே? பொறுமை காத்தது பர்மிங்காம், அதுக்கு விலை கொடுத்தது சாவ் டோமே. நம்ம எழுதுற கோடு எவ்வளவு சுத்தமா இருந்தாலும், உள்ளே இழுத்துப் போட்ட லைப்ரரில ஓட்டை இருந்தா அதுவும் நம்ம ஓட்டைதான். "அது எங்க கோடு இல்லை"ன்னு கிளையன்ட்கிட்ட சொல்லிப் பாருங்க!

சாவ் டோமேயை விட்டுட்டு கேட்பரி போன இடம் கோல்ட் கோஸ்ட், இன்றைய கானா. அங்கே சிறு விவசாயிகள் சொந்த நிலத்துல பயிர் பண்ணாங்க. பிரச்சினை தீர்ந்துச்சான்னா, இல்லை. கோகோ தோட்டங்கள்ல குழந்தைத் தொழிலாளர் கொடுமையை ஒழிக்கிறோம்னு 2001ல பெரிய சாக்லேட் கம்பெனிகள் அமெரிக்காவுல ஒரு உடன்படிக்கை செஞ்சாங்க. கெடு 2005. தாண்டிப் போச்சு, மறுபடி தள்ளி வெச்சாங்க, அதுவும் தாண்டிப் போச்சு. 2020ல சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் கொடுத்த கணக்குப்படி, கானாவுலயும் ஐவரி கோஸ்ட்லயும் கோகோ வேலையில இருந்த குழந்தைங்க சுமார் 15.6 லட்சம்.

கேட்பரியும் 2010ல கிராஃப்ட் கைக்குப் போய், 2012லேருந்து மாண்டலீஸ் ஆயிடுச்சு. போர்ன்வில் கிராமம் இன்னும் அழகாத்தான் இருக்கு, டிரஸ்டும் இருக்கு. ஜார்ஜ் செஞ்ச நல்லது பொய்யில்லை.

அதனால இனிமே 'சமூகப் பொறுப்பு' பக்கம் எதையாவது படிச்சா ரெண்டே ரெண்டு விஷயத்தைத் தேடிப் பாருங்க. மூலப்பொருள் வர்ற கடைசி ஊரோட பேர் இருக்கா? எந்தத் தேதிக்குள்ளன்னு இருக்கா? ரெண்டும் இல்லைன்னா, அந்தப் பக்கத்தோட மதிப்பை 1909லயே ஒரு ஜூரி சொல்லிட்டாங்க.