பின் ஷொக் மாற்றப் போகிறீர்களா? முதலில் அது வந்த கதையைக் கேளுங்கள்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி தொடங்கியது. இதற்கிடையில் நம்மூர் பைக்குகளுக்கு வயது ஏறிவிட்டது. எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது, பின் ஷொக்தான் ஒயில் கக்குகிறது. மாற்றப் போனால் கடைக்காரர் மூன்று சோடிகளை எடுத்து வைக்கிறார்: ஒன்று கம்பனிச் சாமான், ஒன்று மலிவு, ஒன்று பக்கத்தில் சிவப்புக் குப்பி வைத்த "கேஸ் ஷொக்". நம் தம்பிமார் அநேகமாக நிறத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். நான் வரலாறு படிப்பிக்கிறவன், மெக்கானிக் இல்லை. ஆனால் இந்தச் சாமான் வந்த கதை தெரிந்தால் எதை எடுப்பது என்பது பாதி விளங்கிவிடும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்களில் பின்பக்கம் ஷொக்கே இல்லை. பின்சில்லு சட்டத்தோடு நேராகப் பூட்டப்பட்டிருக்கும். ஓட்டுபவரின் சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங், அவ்வளவுதான். பின்னால் ஏறியவர் பாடு? பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் நேரே முதுகெலும்புக்கு. அமெரிக்காவின் இந்தியன் கம்பனி 1913இலேயே பின்பக்கத்துக்கு இலை ஸ்பிரிங் போட்டது, நிலைக்கவில்லை. 1928இல் இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி கம்பனி பின் ஸ்பிரிங் வைத்த ஒரு பைக் செய்தது. யாரும் நம்பமாட்டார்கள் என்று, கம்பனிக்காரரின் சகோதரர் ஜியூசெப்பே குஸ்ஸி அதிலேயே ஏறி நோர்வேயின் வடதுருவ வட்டம் வரை போய் வந்தார். அந்தப் பைக்கின் பெயரே பிறகு "நோர்ஜ்" ஆகிவிட்டது.

அப்படியும் மற்றவர்கள் ஏன் தயங்கினார்கள்? பின்சில்லு அசைந்தால் வளைவில் பைக் பாம்பு போல நெளியும் என்ற பயம். அது வீண் பயமும் இல்லை, அன்றைய சட்டங்கள் அவ்வளவு பலவீனம். அதனால் அரைகுறை வழிகளைத் தேடினார்கள். சில்லு நேராக மேலும் கீழும் சறுக்கும் "பிளஞ்சர்" வந்தது. சில்லு எழும்பி இறங்கும்போது செயின் இறுகித் தளர்ந்தது. ட்ரையம்ப் கம்பனியோ ஸ்பிரிங்குகளைச் சில்லின் ஹப்புக்குள்ளேயே அடைத்து வைத்தது. உள்ளே இறுக்கி வைத்த ஸ்பிரிங் என்பதால் சரியான ஆயுதம் இல்லாமல் கழற்றினால் ஆபத்து.

திருப்பம் வந்தது பெல்ஃபாஸ்ட் நகரில். ரெக்ஸ் மெக்கென்ட்லெஸ் என்ற மனிதர் 1940களில் தன் பைக்குக்கு சுவிங் ஆம் போட்டு, இருபக்கமும் இரண்டு ஷொக்கை நிமிர்த்திப் பூட்டினார். அந்த ஷொக் எங்கிருந்து வந்தது தெரியுமா? சிட்ரோயன் காரிலிருந்து! நம்மூர் பாஸ்மார் ஒரு வண்டிச் சாமானை இன்னொன்றுக்குப் போடுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும். நோர்டன் கம்பனி அவரை அழைத்துக்கொண்டது. 1950இல் ஐல் ஒஃப் மேன் தீவின் சீனியர் டி.டி. பந்தயத்தை ஜெப் டியூக் அந்தச் சட்டத்தில்தான் வென்றார். இறகு மெத்தையில் போவது போல இருக்கிறது என்று ஓட்டியவர் ஒருவர் சொல்லப்போய், "ஃபெதர்பெட்" என்ற பெயரே நிலைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஸ்பிரிங் அல்ல, ஒயில். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும், ஆனால் ஒருதரம் அமுக்கினால் பத்துத்தரம் துள்ளும். உள்ளே இருக்கும் ஒயில் சிறு துளைகளால் நெருக்கிப் போகும்போதுதான் அந்தத் துள்ளல் அடங்குகிறது. ஒயில் வற்றிய ஷொக்கில் சில்லு மேட்டில் எகிறி, ரோட்டை விட்டு எழும்பும். எழும்பிய சில்லுக்குப் பிரேக் பிடிக்காது. பிள்ளையை மடியில் வைத்து ஒரு பக்கமாக உட்கார்ந்து வரும் பெண்களை நினைத்துப் பாருங்கள். ஷொக் சொகுசுச் சாமான் இல்லை.

நமது பக்கத்துக்கு இது வந்த வழி ரோயல் என்ஃபீல்ட். 1949இன் புல்லட்டிலேயே சுவிங் ஆமும் ஒயில் ஷொக்கும் இருந்தன. 1955இல் மதராசில் அதைப் பூட்டத் தொடங்கினார்கள். 1958இல் ஹொண்டாவின் சூப்பர் கப் அதே அமைப்பைச் சாதாரண மனிதனின் வண்டிக்குக் கொண்டுவந்தது.

அந்தக் காலத்தில் ஏ.ஜே.எஸ். கம்பனி தானே ஷொக் செய்தது. முதலில் மெலிந்தது, ஆட்கள் "மெழுகுதிரித் தாங்கி" என்றார்கள். பிறகு பருத்தது, அதற்கு "ஜாம் போத்தல்" என்று பட்டம். கடைசியில் 1957இல் கேர்லிங் கம்பனியின் ஷொக்கை வாங்கிப் போட்டார்கள். அந்தக் கேர்லிங்கில் கீழே படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று இருந்தது. உங்கள் ஷொக்கின் அடியிலும் அதே வளையம் உண்டு. அதைத் திருப்பினால் ஷொக் "ஹார்ட்" ஆகும் என்பது நம்மூர் நம்பிக்கை. அது ஸ்பிரிங்கின் இருக்கையைத்தான் உயர்த்துகிறது. ஸ்பிரிங்கின் பலம் மாறாது, ஒயிலின் வேலையும் மாறாது. இரண்டு பேர் ஏறும்போது பின்பக்கம் தாழாமல் இருக்கவே அது. ஒயில் போன ஷொக்கை அதால் காப்பாற்ற முடியாது.

இனி "கேஸ்". தொடர்ந்து குலுங்கினால் ஒயில் சூடாகி, காற்றோடு கலந்து நுரைக்கும். நுரைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. 1950களில் பிரான்சின் டி கார்பன் என்பவர் ஒயிலுக்குப் பின்னால் அழுத்தமான வாயுவை அடைத்து நுரைப்பதைத் தடுத்தார். பல்சரில் "நைட்ரொக்ஸ்" என்று எழுதியிருப்பதும் இந்த வழிதான். அதாவது கேஸ் ஒயிலுக்குத் துணை, ஒயிலுக்குப் பதில் அல்ல. மலிவுச் சாமான்கள் சிலதில் அந்தச் சிவப்புக் குப்பி வெறும் அலங்காரம், உள்ளே வழியே இருக்காது. உண்மையான கேஸ் ஷொக் என்றால் வீட்டில் வெட்டித் திறக்கவே கூடாது.

ஒற்றை ஷொக் (மோனோ) பெல்ஜியத்தின் டில்கென்ஸ் என்ற பொறியியலாளரின் யோசனை. யமஹா அதை வாங்கி 1973இல் மோட்டோகிரொஸ் உலகப் பட்டம் வென்றது. ஆனால் அந்த முக்கோண சுவிங் ஆம் இங்கிலாந்தின் வின்சென்ட் பைக்கில் 1928இலேயே இருந்தது. மோனோ வைத்திருப்பவர்கள் அந்த மொடலுக்குரியதையே தேடுங்கள், வேறு வழி சரிவராது.

இரட்டை ஷொக்காரர்கள் பழையதைக் கழற்றிக் கடைக்குக் கையோடு கொண்டு போங்கள். மேல் ஓட்டையின் நடுவிலிருந்து கீழ் ஓட்டையின் நடு வரை அளந்து பாருங்கள். நீளம் கூடினால் பின்பக்கம் உயர்ந்து ஹேண்டில் பதறும், செயின் சுவிங் ஆமில் உரசும், மெயின் ஸ்டாண்டும் சரியாக நிற்காது. குறைந்தால் பாரத்தோடு டயர் மட்கார்ட்டில் முட்டும். கீழே பூட்டும் இடம் வளையமா கவையா, புஷ் அளவு என்ன என்பதையும் பாருங்கள். ஒன்று மட்டும் ஒழுகினாலும் சோடியாகவே மாற்றுங்கள். தனியே போகிறவருக்கும், தினமும் அரிசி மூட்டை ஏற்றுபவருக்கும் ஒரே ஸ்பிரிங் பொருந்தாது, அதைக் கடையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பூட்டியதும் சீட்டின் பின்பக்கத்தை நன்றாக அமுக்கி விடுங்கள். ஒரே எழும்பலில் அடங்க வேண்டும். இரண்டு மூன்று தரம் ஆடினால் காசு கொடுக்க முன்பே கழற்றச் சொல்லுங்கள்.

உங்கள் பைக்கின் ஷொக் அளவு சரியாகத் தெரிந்தவர்கள் மொடலோடு கீழே கமென்ட்டில் போடுங்கள், தேடுகிறவர்களுக்கு உதவும்.